டெங்கு சந்தேகம்: ரிப்போர்ட் வரும்வரை படுக்கையருகில் என்னென்ன பார்க்கலாம்?

மலையடிவாரச் செவிலி கேட்டது:

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் பக்கம் காய்ச்சல்காரர்கள் வரிசை குறையவே இல்லை. அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையம். டெங்குவை உறுதிசெய்யும் எலைசா சோதனைக்கு ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினால் முடிவு கைக்கு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிறது. அதுவரை என் மேசையில் இருப்பவை கையால் பம்ப் அடிக்கும் பிபி கருவி, தானியங்கி பிபி மெஷின், தெர்மாமீட்டர், டார்ச், சுவர்க் கடிகாரம். இவ்வளவுதான்.

பிபி பட்டையால் கையை இறுக்கி, தோலில் விழும் ரத்தப்புள்ளிகளை எண்ணும் டூர்னிகே டெஸ்ட் பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் ஆளுக்கொரு மாதிரி செய்கிறார்கள். பழைய புத்தகத்தில் 20 புள்ளி என்கிறது, புதியதில் 10 என்கிறது. எது சரி? எவ்வளவு நேரம், எந்த அழுத்தத்தில், எந்த இடத்தில் எண்ண வேண்டும்? கறுத்த தோலில் புள்ளி சரியாகத் தெரியவில்லை. நெகட்டிவ் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? இதைவிட முக்கியமாக, ஆள் மோசமாகப் போகிறார் என்பதை லேப் இல்லாமல் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

காய்ச்சல் வார்டு எழுதியது:

சிஸ்டர், டூர்னிகே டெஸ்ட்டுக்குத் தானியங்கி மெஷினை ஒதுக்கி வையுங்கள். அளந்து முடித்ததும் அது தானாகவே காற்றை இறக்கிவிடும். ஐந்து நிமிடம் ஒரே அழுத்தத்தில் நிற்காது. கையால் பம்ப் அடிக்கும் கருவிதான் வேண்டும். அதிலும் கசிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பட்டையை ஒரு பாட்டிலில் சுற்றி, 150 வரை ஏற்றி, திருகை இறுக்கி, ஒரு நிமிடம் முள்ளையே பாருங்கள். முள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனால் ரப்பர் குழாயிலோ திருகிலோ கோளாறு. அந்தக் கருவியில் செய்த டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பே இல்லை.

செய்முறை இது. நோயாளியை உட்கார வைத்து வழக்கம்போல் பிபி பாருங்கள். 110/70 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 90. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று விரல் மேலே இருக்கட்டும். 90-க்கு ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் அப்படியே வையுங்கள். முள் 85-க்கு வந்தால் மெல்ல ஓர் அழுத்து அழுத்தி மறுபடி 90-க்குக் கொண்டுவாருங்கள். கை கறுத்துச் சிவக்கும், மதமதக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பயந்து கையை உதற மாட்டார். நடுவிலேயே புள்ளிகள் கொட்டினாற்போல் வந்துவிட்டால் ஐந்து நிமிடம் முடியக் காத்திருக்க வேண்டாம், இறக்கிவிடலாம்.

ஏன் சரியாக நடுவில்? அந்த அழுத்தத்தில் ரத்தம் தமனி வழியாகக் கைக்குள் வரும், சிரை வழியாகத் திரும்பிப் போக வழியிருக்காது. நுண்குழாய்கள் புடைக்கும். சுவர் பலவீனப்பட்டும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்தும் இருந்தால் அங்கங்கே உடைந்து குண்டூசி முனை அளவில் புள்ளி விழும். மேல் அழுத்தத்தைத் தாண்டி ஏற்றிவிட்டால் ரத்தமே உள்ளே வராது. கீழ் அழுத்தத்துக்குக் கீழே நிறுத்தினால் புடைப்பு போதாது. இரண்டிலும் டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். 'குத்துமதிப்பாக எல்லாருக்கும் 100' என்று வைக்கிற பழக்கம் இதனால்தான் தவறு. 90/60 இருக்கும் பெண்ணுக்கு 100 வைத்தால் ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தையே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

காற்றை இறக்கிய பின் 2 நிமிடம் விடுங்கள். கை பழைய நிறத்துக்குத் திரும்பினால்தான் புள்ளிகள் பிரிந்து தெரியும். எண்ணுவதற்கு ஒரு பழைய எக்ஸ்ரே பிலிமில் 2.5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலத்தில் சதுர ஓட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்கையின் உட்பக்கத்தில், புள்ளி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் வைத்து அந்தச் சதுரத்துக்குள் மட்டும் எண்ணுங்கள். பட்டை விளிம்பு கிள்ளிய இடத்தில் வரும் புள்ளிகள் கணக்கில் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 1997 கையேட்டில் 20 என்று இருந்தது. 2009-ல் 10 ஆனது. இப்போது 10 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். எல்லையைக் குறைத்ததால் அதிகம் பேரைப் பிடிக்கிறோம், கூடவே டெங்கு இல்லாத சிலரும் வலையில் விழுகிறார்கள். ஆகையால் சீட்டில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'காய்ச்சல் 3-ம் நாள், வலது கை, 14 புள்ளி' என்று எழுதுங்கள். அடுத்த நாள் பார்ப்பவருக்கு அந்த எண்தான் உதவும்.

கறுத்த தோலுக்கு: முன்கையின் உட்பக்கம் எல்லாருக்கும் சற்று வெளுப்பு, அது நமக்குச் சாதகம். ஜன்னலோரம் உட்கார வையுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். ஒரு கண்ணாடி ஸ்லைடை மேலே வைத்து அழுத்துங்கள்; அழுத்தியும் மறையாமல் நிற்பது ரத்தப்புள்ளி. கொசுக்கடி தடித்திருக்கும், அரிக்கும், அழுத்தினால் வெளுக்கும். டெஸ்ட் தொடங்கும் முன்பே கையைப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் புள்ளிகளைப் பேனாவால் வட்டமிட்டு விடுங்கள். அடுத்த நாள் திரும்பச் செய்யும்போது மறு கையில் செய்யுங்கள், பழைய புள்ளி குழப்பாது. டிரிப் ஓடும் கையில் வேண்டாம்.

நெகட்டிவ் என்றால் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அதை மட்டும் வைத்து அனுப்பக் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், டெங்கு உள்ள 100 பேரில் ஏறக்குறைய 60 பேருக்குத்தான் இது பாசிட்டிவ் ஆகிறது. டெங்கு இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 30 பேருக்கும் பாசிட்டிவ் ஆகிறது. முதல் இரண்டு நாளில் நெகட்டிவ் வருவது சகஜம், நாளாக நாளாகத்தான் ஏறும். பருமனான கையிலும், ஆள் ஷாக்கில், அதாவது உடம்புக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலையில், இருக்கும்போதும் வராமல் போகும். ஷாக் தெளிந்த பிறகு அதே கையில் கொத்தாக வரும்.

மேட்டுத்தெரு மருத்துவர் எழுதியது:

60-க்கு 30 என்றால் அது ஒரு டெஸ்டா? ஐந்து நிமிடம், இரண்டு நிமிடம், எண்ணுவது என்று ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போய்விடும். 40 பேர் நிற்கும் ஓ.பி.யில் அந்த நேரத்தில் எல்லாருக்கும் ஒழுங்காக நாடி பிடித்து, பிபி பார்த்தாலே அதிக உயிர் பிழைக்கும் என்பது என் கருத்து.

காய்ச்சல் வார்டு எழுதியது:

நாடியும் பிபியும் முதலில் என்பதில் மறுப்பே இல்லை சார். ஆனால் இந்த டெஸ்ட்டைத் தனியாக நிறுத்திப் பார்த்தால்தான் அவ்வளவு பலவீனம். டெங்கு பரவியிருக்கும் மாதத்தில், இது பாசிட்டிவாகவும் வெள்ளையணு 5,000 அல்லது அதற்குக் கீழாகவும் சேர்ந்து இருந்தால், அப்படிப்பட்ட 100 பேரில் 70 முதல் 80 பேர் டெங்குதான். சாதாரண ரத்த எண்ணிக்கை எடுக்கும் வசதி வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. எல்லாருக்கும் செய்ய வேண்டாம். சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று காரணம் ஏதும் தெரியாமல் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் அடிப்பவருக்குச் செய்தால் போதும். நாளை கட்டாயம் திரும்பி வர வேண்டியவர் யார் என்று பிரித்து நிறுத்த உதவும்.

குழந்தை வார்டு அக்கா எழுதியது:

ஆள் மோசமாகப் போவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மெஷின் வேண்டாம்மா. குழந்தையின் கையை உங்கள் கையில் வாங்குங்கள். ஒரே பிடியில் ஐந்து விஷயம் தெரியும்: தோலின் நிறம், ரத்தம் திரும்பும் வேகம், சூடா சில்லிப்பா, நாடியின் கனம், நாடியின் வேகம். பிறகு பாதத்தையும் தொடுங்கள். சில்லிப்பு முதலில் பாதத்தில்தான் இறங்கும். உடம்பு கதகதப்பாக, பாதம் மட்டும் ஐஸாக இருந்தால் உடனே டாக்டருக்குப் போன் போக வேண்டும்.

ரத்தம் திரும்பும் வேகம் பார்ப்பது இப்படி. கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, விரல் நுனியை 5 வினாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். நம் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. பெண் பிள்ளைகள் விரல் நுனி முழுக்க மருதாணி வைத்திருப்பார்கள், ஒன்றும் தெரியாது. அப்போது நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள். மழையில் நனைந்து வந்த பிள்ளைக்கும் கை சில்லிட்டு, திரும்புவது தாமதமாகும்; துடைத்துப் போர்த்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அடுத்தது பிபியில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். 100/82 என்று வந்தால் நிறைய பேர் '100 இருக்கிறது, நார்மல்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். கழித்துப் பாருங்கள்: 18. இருபதோ அதற்குக் கீழோ வந்தால் அது ஷாக். மேல் எண் விழும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். ரத்தத்தில் உள்ள நீர் குழாயை விட்டு வெளியே கசியும்போது, உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கும். அதில் கீழ் எண் ஏறும், மேல் எண் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளை உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும், தண்ணீர் கேட்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இறுக்கம் தாங்காமல் விட்டுப்போகும்போது மேல் எண் சட்டென்று விழும், அதன்பின் மீட்பது கஷ்டம்.

இந்த நிலையில் தானியங்கி மெஷின் பல நேரம் 'எர்ரர்' காட்டும். மெஷின் சரியில்லை என்று அடுத்த மெஷினைத் தேடிப் போகாதீர்கள். நாடி பிடிபடாத அளவுக்கு மெலிந்ததால்கூட அப்படி வரலாம். ஸ்டெத் வைத்துக் கையால் பாருங்கள், சத்தம் முற்றிலும் மறையும் இடத்தைக் கீழ் எண்ணாக எடுங்கள். பட்டை அளவும் முக்கியம்: குழந்தையின் மேல்கை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மூட வேண்டும். பெரியவர் பட்டையைக் குழந்தைக்குச் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், சிறியதைச் சுற்றினால் கூடுதலாகக் காட்டும்.

நாள் கணக்கைச் சரியாகக் கேளுங்கள். 'நாலு நாளா காய்ச்சல்' என்பதை அப்படியே எழுதாதீர்கள். ஞாயிறு சாயங்காலமா, திங்கள் காலையா, அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனானா என்று கேட்டால்தான் உண்மையான முதல் நாள் வரும். 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள், காய்ச்சல் விடும்போதுதான் கசிவு தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். 'காய்ச்சல் விட்டாச்சு, இனி கவலையில்லை' என்று வீட்டில் நிம்மதியாகும் நாள்தான் நாம் அதிகம் பார்க்க வேண்டிய நாள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை எழுந்து விளையாடி, சாப்பாடு கேட்டால் நல்லது. காய்ச்சல் விட்டும் சுருண்டு படுத்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், வயிற்றைத் தொட விடவில்லை என்றால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், எரிச்சலாக அழுதுகொண்டே இருந்தால், இதில் ஒன்று போதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். 'கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?' என்று எல்லா அம்மாவையும் கேளுங்கள். ஆறு மணி நேரம் தாண்டியிருந்தால் அதுவும் ஓர் அறிகுறி.

மருந்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வகையில் வருகிறது. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. தேவை. முதல் பாட்டிலில் அது 5 மி.லி., இரண்டாவதில் 2.5 மி.லி. கடையில் பாட்டில் மாறி, மூடி அளவு மாறாமல் போனால் இரட்டிப்பு மருந்து உள்ளே போகும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் இறங்கவில்லை என்று இபுபுரோபன் கொடுக்கக் கூடாது, ஆஸ்பிரின் கூடாது, டைக்ளோபினாக் ஊசி இடுப்பில் போடவே கூடாது. தட்டணு குறைந்த உடம்பில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும்.

மலையடிவாரச் செவிலி எழுதியது:

அக்கா, 100/82 விஷயம் படித்ததும் இந்த வார நோட்டை எடுத்துக் கழித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இனி பிபி கட்டத்துக்குப் பக்கத்தில் 'வித்தியாசம்' என்று ஒரு கட்டம் போடப் போகிறேன். இன்னொரு சந்தேகம். வருகிறவர்கள் எல்லாரும் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். 90,000 என்றால் வேலூருக்கு ஓடுகிறார்கள், 1,60,000 என்றால் வீட்டுக்குப் போகிறார்கள். அது சரியா?

லேப் மேசை எழுதியது:

சரியில்லை சிஸ்டர். தட்டணு எண்ணிக்கை நோய் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். கசிவு எவ்வளவு என்று காட்டாது. கசிவைக் காட்டுவது பிசிவி, ஹீமாட்டோகிரிட் என்று ரிப்போர்ட்டில் வரும் எண். ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது அது. நீர் வெளியேறினால் சிவப்பணு மட்டும் மிஞ்சி, சதவீதம் ஏறும். தட்டணு மளமளவென்று இறங்க, பிசிவி ஏற, இரண்டும் ஒன்றாக நடந்தால் அன்றைக்கே அனுப்ப வேண்டிய நோயாளி.

பிசிவியில் நம் ஊர்ப் பெண்கள், பிள்ளைகள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு வழக்கமான பிசிவி 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் 37 வருகிறது. ரிப்போர்ட்டில் 37-க்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறிகூட இருக்காது, 'நார்மல்' எல்லைக்குள்தான். ஆனால் 30-லிருந்து 37 என்றால் 23 சதவீத ஏற்றம். 20 சதவீதம் ஏறினாலே கசிவு தெளிவு. ஆகவே காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் ஒரு பிசிவி எடுத்து வைத்துவிடுங்கள், பின்னால் ஒப்பிட அதுதான் கையிருப்பு. கர்ப்பிணி என்றால் அட்டையில் பழைய ஹீமோகுளோபின் இருக்கும். அதை மூன்றால் பெருக்கினால் உத்தேசமாகப் பழைய பிசிவி கிடைக்கும்.

ரத்த அணுக்களை எண்ணும் கவுன்ட்டர் மெஷின் இல்லாத இடத்தில், ரத்தத்தை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சின்ன சென்ட்ரிபியூஜ் ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் பிசிவி பார்க்கலாம். விரல் நுனியில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பிழியாதீர்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து பிசிவி பொய்யாகக் குறையும். விரலில் எடுத்தால் சிவப்பு வளையம் போட்ட கண்ணாடிக் குழாய், அதில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் தடவியிருக்கும். உறையாமல் தடுக்கும் மருந்து ஏற்கெனவே உள்ள இடிடிஏ பாட்டிலில் எடுத்த ரத்தம் என்றால் நீல வளையம். குழாயைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்பி, ரத்தம் படாத காய்ந்த முனையைக் களிமண் அட்டையில் குத்தி அடையுங்கள். அடைத்த முனை வெளிப்பக்கம் ரப்பரை ஒட்டி இருக்க, எதிரெதிரே இரண்டு குழாய் வைத்து 10,000 முதல் 12,000 சுற்றில் 5 நிமிடம் ஓட விடுங்கள்.

வெளியே எடுத்தால் குழாயில் மூன்று அடுக்கு தெரியும். கீழே கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு வெண்மைக் கீற்று. அந்தக் கீற்று வெள்ளையணுவும் தட்டணுவும். அதைச் சிவப்போடு சேர்த்து அளக்கக் கூடாது. அளவு அட்டை இல்லையென்றால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். சிவப்பு 21 மி.மீ., சிவப்பும் கீற்றும் நீரும் சேர்ந்து 50 மி.மீ. என்றால் 21-ஐ 50-ஆல் வகுத்து நூறால் பெருக்க, 42. இரண்டு குழாயிலும் ஒரே எண் வர வேண்டும். ஒன்றில் குறைந்தால் களிமண் அடைப்பு வழியாக ரத்தம் ஒழுகியிருக்கும், ரப்பர் வளையத்தில் சிவப்புக் கறை தெரியும்.

டிரிப் ஏறும் கையில் ரத்தம் எடுத்தால் எல்லா எண்ணும் பொய். சலைன் கலந்து பிசிவி, தட்டணு இரண்டுமே இறங்கித் தெரியும், வீட்டார் அலறுவார்கள். விரலைப் பிழிந்து எடுத்தாலும், இடிடிஏ பாட்டிலை உடனே மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காமல் விட்டாலும் தட்டணு ஒட்டிக்கொண்டு திரளும். மெஷின் அந்தத் திரளை எண்ணாது, 40,000 என்று பயமுறுத்தும். எண் சந்தேகமாக இருந்தால் ஸ்லைடில் ரத்தம் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்பின் ஆயில் லென்ஸில் பத்து இடம் பார்த்து, ஓர் இடத்துக்குச் சராசரியாக எத்தனை என்று கண்டு 15,000-ஆல் பெருக்கினால் உத்தேச எண்ணிக்கை வரும். 4 இருந்தால் 60,000.

தட்டணு ஏற்றுவது பற்றியும் கேட்பார்கள். ரத்தக்கசிவு ஏதும் இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவது பற்றி யோசிக்கிறார்கள். 60,000-க்கும் 40,000-க்கும் ஏற்றுவதில் பயன் இல்லை.

ஒரு சொட்டு ரத்தத்தில் கோடு காட்டும் ரேபிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு: என்எஸ்1 (வைரஸின் புரதம்) கோடு முதல் 5 நாளுக்குத்தான் நம்பகம். ஐஜிஎம் (உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி) 5-ம் நாளுக்குப் பிறகு எழும், இரண்டு மூன்று மாதம் நிற்கும். போன மாதக் காய்ச்சலின் ஐஜிஎம் இந்த மாதக் காய்ச்சலுக்குப் பாசிட்டிவ் காட்டலாம். இரண்டாம் முறை டெங்கு வந்தவருக்கு என்எஸ்1 சீக்கிரமே மறையும், அவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். கார்டை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். வேலூர் வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் சித்திரை, வைகாசி முழுக்கக் கிடந்த கார்டை மழைக்காலத்தில் எடுத்து நம்ப முடியாது. பிரிட்ஜில் இருந்தால் உறையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் ஈரம் பிடிக்கும். கிட்டில் சொன்ன நிமிடத்தில் படித்துவிடுங்கள், அரை மணி கழித்துத் தோன்றும் மங்கல் கோடு கணக்கில் இல்லை. அரசுக் கணக்கில் டெங்கு என்று பதிய எலைசா முடிவுதான் வேண்டும்.

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லாரும் டெங்குவையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மலையடிவாரம் என்று சிஸ்டர் எழுதியிருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அதே மழை மாதங்களில், அதே ஊர்களில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சல் வருகிறது. அதிலும் தட்டணு குறையும், அதிலும் தலைவலி, உடம்புவலி, வாந்தி. வித்தியாசம் என்னவென்றால் டெங்குவுக்கு மருந்து கிடையாது, நீர்தான் வைத்தியம். உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் இருக்கிறது, தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று இறங்கும்.

இதற்கும் படுக்கையருகில் ஒரு டெஸ்ட் இருக்கிறது, கருவியே வேண்டாம். ஆடையை விலக்கித் தேடுவதுதான். மறைப்புக் கட்டி, பெண் செவிலி பார்க்கட்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, பாவாடை நாடா கட்டும் இடுப்பு வளையம், காது மடலின் பின்புறம், பிள்ளைகளுக்கு விதைப்பை, பிட்டம். சிகரெட் சுட்ட தழும்பு மாதிரி கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. 'எங்காவது புண் இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். வியர்வை படும் மடிப்பில் பொருக்கு ஊறி உதிர்ந்து வெறும் வெளுத்த புண்ணாக இருக்கும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால் ஏறக்குறைய நோய் தீர்மானமானது போல. காணவில்லை என்றால் இல்லை என்று ஆகாது.

ரத்த எண்ணிக்கையிலும் ஒரு குறிப்பு: டெங்குவில் வெள்ளையணு இறங்கும். உண்ணிக்காய்ச்சலில் பெரும்பாலும் இயல்பாகவோ கூடியோ இருக்கும். 7 நாள் தாண்டியும் காய்ச்சல் அடித்துக்கொண்டே இருந்தால் அது டெங்குவாக இருக்க வாய்ப்புக் குறைவு.

சிக்குன்குனியாவிலும் டூர்னிகே டெஸ்ட் பாசிட்டிவ் ஆகலாம். கணுக்கால், மணிக்கட்டு வீங்கி, காலையில் எழுந்து தரையில் கால் ஊன்ற முடியவில்லை என்றால் அந்தப் பக்கம் யோசியுங்கள். இந்தக் குழப்பம் வேலூருக்குப் புதிதல்ல. 1964-ல் இங்கே பரவிய, டெங்கு போலத் தோன்றிய காய்ச்சலில் நோயாளிகளின் ரத்தத்திலும் கொசுவிலும் சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். டெங்கு வைரஸும் அதே ஆண்டுகளில் இதே ஊரில் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டதும் 1955-ல் வட ஆற்காட்டில், வேலூரில்தான். அது டெங்குவின் உறவுக்கார வைரஸ். அதற்கு எதிரான ஆன்டிபாடி டெங்கு கார்டில் மங்கலாகக் கோடு காட்டலாம். ஆகவே ஐஜிஜி, ஐஜிஎம் என்னும் ஆன்டிபாடிக் கோடுகளை நாள் கணக்கோடும் நோயாளியோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மலையடிவாரச் செவிலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வித்தியாசம் 20-க்குள் வந்து, பாதமும் சில்லிட்டிருக்கிறது என்றால், 108 வரும்வரை நான் என்ன செய்யலாம், சீட்டில் என்ன எழுத வேண்டும்? வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அனுப்புகிறவர்களுக்கு என்ன சொல்வது?

காய்ச்சல் வார்டு எழுதியது:

படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். உடனே மெடிக்கல் ஆபீசருக்குப் போன். எடையைச் சொல்லுங்கள், ஏனென்றால் திரவ அளவு கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் அவர் சொல்வார். நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் மட்டும்; வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் குழாய்க்குள் தங்காது. அவர் சொன்ன அளவுக்கு மேல் 'இன்னொரு பாட்டில்' என்று ஓட விடாதீர்கள். கசிவு நேரத்தில் அதிகமாக ஏற்றிய நீர் நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சுத்திணற வைக்கும். நினைவு தெளிவாக இருந்து வாந்தி இல்லையென்றால் ஓஆர்எஸ் வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக. 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, பிபி, பாதச் சூடு.

சீட்டில்: காய்ச்சல் தொடங்கிய தேதியும் வேளையும், காய்ச்சல் விட்ட நேரம், பிபி இரண்டு எண்ணும் வித்தியாசமும் எத்தனை மணிக்கு, நாடி, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், பழைய பிசிவி அல்லது ஹீமோகுளோபின், டூர்னிகே எண், ஏற்றிய திரவம் எது, எத்தனை மி.லி., கொடுத்த மருந்துகள். 'டெங்கு?' என்று ஒரு சொல் மட்டும் எழுதி அனுப்பினால் வாங்குகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்குக் கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பீட்ரூட், மாதுளை ஜூஸ், சிவப்புக் கலர் பானம் எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் ரத்தமா கலரா என்று தெரியாமல் போகும். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச்சாறோ குடிப்பவர்களிடம், குடித்தாலும் நாளைக்குப் பரிசோதனைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டபின் இரண்டு நாள் வரை தினமும் வரட்டும்.

குழந்தை வார்டு அக்கா எழுதியது:

சீட்டின் பின்பக்கம் ஒரு வரி தமிழில் பெரிதாக எழுதிக் கொடும்மா: 'கை கால் சில்லிட்டால், வயிறு வலித்தால், ஆறு மணி நேரம் ஒண்ணுக்குப் போகாவிட்டால், ராத்திரியானாலும் வரவும்.' பக்கத்திலேயே 108 என்று எழுதி வட்டம் போடு. படிக்கத் தெரியாத பாட்டியிடம்தான் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போயிருப்பாள் என்றால், பாட்டி கையைப் பிள்ளையின் பாதத்தில் வைத்து, சில்லிப்பு என்றால் எப்படி இருக்கும் என்று தொட்டுக் காட்டி அனுப்பு.